அக்குபங்சர்: ஊசி முதல் மாக்ஸா புகை வரை, நுரையீரல் நோயாளிகள் அறிய வேண்டியவை

கோலார் தங்கவயல்: முதுகுவலி, மூட்டுவலிக்காக அக்குபங்சர் சிகிச்சையை நாடுவோர், அதில் பயன்படும் கருவிகள் யாவை, ஊசி எவ்வளவு ஆழம் செல்லும் என்பவற்றை முன்னரே அறிந்திருப்பது அவசியம். கர்நாடகத்தின் கோலார் தங்கவயல் போன்ற சுரங்க ஊர்களில் இதன் தேவை மேலும் அதிகம். 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்ட அங்குள்ள சுரங்கங்களில் பாறை துளைத்த தொழிலாளர்கள், பெரும்பாலும் தமிழர்கள், பல தலைமுறைகளாகச் சிலிகாத் தூசியைச் சுவாசித்தவர்கள். அத்தூசியால் உண்டாகும் சிலிகோசிஸ் நோய், வேலையை விட்ட பின்னரும் நுரையீரலைத் தொடர்ந்து பாதிக்கக்கூடியது.

ஊசியின் அமைப்பு

அக்குபங்சர் ஊசியில் துளை கிடையாது; மருந்தும் செலுத்தப்படுவதில்லை. பொதுவாக 0.20 முதல் 0.30 மி.மீ. வரை தடிமனுள்ள இவ்வூசி, தடுப்பூசிக்குரிய ஊசியைவிட மெல்லியது. 13 மி.மீ. தொடங்கிப் பல நீளங்களில் கிடைத்தாலும், 25 மற்றும் 40 மி.மீ. ஊசிகளே அதிகம் பயன்படுகின்றன.

சீனாவின் ஹெபெய் மாகாணத்தில், கி.மு. 113-ல் இறந்த இளவரசர் லியூ ஷெங்கின் கல்லறையிலிருந்து 1968-ல் பொன், வெள்ளி ஊசிகள் கண்டெடுக்கப்பட்டன. பொன் எளிதில் வளையும் என்பதாலும் விலை மிகுதி என்பதாலும், இன்று துருப்பிடிக்காத எஃகு ஊசிகளே புழக்கத்தில் உள்ளன. ஊசியை வலியின்றிச் செலுத்த உதவும் வழிகாட்டிக் குழாய், 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பார்வையற்ற ஜப்பானிய மருத்துவர் சுகியாமா வாயிச்சியுடன் தொடர்புபடுத்தப்படுகிறது.

சிகிச்சை முறைகள்

உலக சுகாதார அமைப்பின் தரப்படுத்தப்பட்ட பட்டியலில் 361 புள்ளிகள் இடம்பெற்றுள்ளன. தேர்ந்தெடுத்த புள்ளியில் ஊசியைச் செலுத்தி, மெல்லத் திருகியோ ஏற்றி இறக்கியோ தூண்டுவர். அப்போது தோன்றும் கனத்த அல்லது மரத்த உணர்வைச் சீன மரபில் 'தே சி' என்பர். வழக்கமாக ஊசி 15 முதல் 30 நிமிடங்கள் வரை உடலில் விடப்படுகிறது.

மின் அக்குபங்சரில் ஊசிகளுடன் கம்பி இணைத்து மெல்லிய மின்துடிப்பு செலுத்தப்படும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். கப்பிங் முறையில் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் குவளைகள் தோலை உறிஞ்சிப் பிடிக்கின்றன. தோலைக் கீறி இரத்தம் வெளியேற்றும் கப்பிங்கில் நோய்த்தொற்று அபாயம் உண்டு. மாக்ஸா முறையில், மாசிபத்திரி இனத்தைச் சேர்ந்த மூலிகையின் உலர்ந்த இலையைப் புகையவிட்டுப் புள்ளிகளுக்கு வெப்பம் ஊட்டுவர். இப்புகை நுரையீரல் நோயாளிகளுக்கு ஒவ்வாது. புகையற்ற வகைகளும் உள்ளன.

ஆழமே முக்கியம்

முறையாகப் பயின்றவர் செய்யும்போது கடுமையான பின்விளைவுகள் அரிது. அவற்றுள் முதன்மையானது, ஊசி நுரையீரலைத் துளைத்து, அதைச் சூழ்ந்த இடைவெளியில் காற்று புகும் நிலை. மார்பு, மேல்முதுகுப் பகுதிகளின் சில இடங்களில் தோலுக்குக் கீழே 10 முதல் 20 மி.மீ. ஆழத்திலேயே நுரையீரல் உள்ளது. 25 மி.மீ. ஊசியை அங்கு நேராக முழுவதும் செலுத்தினால் நுரையீரலை எட்டிவிடும். கழுத்துக்கும் தோள்மூட்டுக்கும் இடையிலுள்ள 'ஜியான்ஜிங்' புள்ளியிலும் இதே ஆபத்து உண்டு. மெலிந்த உடலினருக்கும், சிலிகோசிஸ் அல்லது நாட்பட்ட மூச்சுக்குழல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கும் அபாயம் கூடுதல். ஏற்கெனவே சுவாசத்திறன் குறைந்தவர்களுக்குச் சிறிய துளையும் உயிராபத்தாக முடியலாம்.

எனவே நுரையீரல் நோய், இரத்தம் உறையாமலிருக்க உட்கொள்ளும் மாத்திரை, கர்ப்பம் ஆகியவற்றைச் சிகிச்சையாளரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். சிகிச்சையின் போதோ, சில மணி நேரம் கழித்தோ திடீர் மார்புவலி, மூச்சுத்திணறல், வறட்டு இருமல் தோன்றினால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பலன் எந்த அளவு?

சிலிகோசிஸால் நுரையீரலில் ஏற்பட்ட தழும்பை அக்குபங்சர் போக்காது. வலி நிவாரணத்தில் அதன் பங்கு குறித்தும் ஒருமித்த கருத்து இல்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016-ல் கீழ்முதுகுவலிக்கு இச்சிகிச்சை அளிக்க வேண்டாம் என்றது. உலக சுகாதார அமைப்போ 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நாட்பட்ட கீழ்முதுகுவலிக்கு ஊசி சிகிச்சையை நிபந்தனையுடன் பரிந்துரைத்தது.

இந்தியாவில்

1938-ல் சீனா சென்ற இந்திய மருத்துவக் குழுவில் துவாரகநாத் கோட்னிசுடன் இடம்பெற்ற மருத்துவர் பிஜோய் குமார் பாசு, பின்னாளில் சீனாவில் அக்குபங்சர் பயின்று கொல்கத்தாவில் அதைப் பரப்பினார். 2019 பிப்ரவரியில் மத்திய அரசு அக்குபங்சரைத் தனி மருத்துவ முறையாக அங்கீகரித்தது.

கவனிக்க வேண்டியவை

* ஊசி, முத்திரையிட்ட உறையிலிருந்து நோயாளியின் கண்ணெதிரே எடுக்கப்பட வேண்டும்.
* ஒருமுறை பயன்படுத்திய ஊசியை மீண்டும் பயன்படுத்தக் கூடாது. 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி, அது துளைபடாத வெள்ளைக் கலத்தில் சேர்க்கப்பட வேண்டும்.
* செலுத்திய ஊசிகளையும் அகற்றிய ஊசிகளையும் எண்ணிச் சரிபார்க்க வேண்டும்.
* சிகிச்சையாளரின் தகுதி, பதிவு விவரங்களை நோயாளி கேட்டறியலாம்.
* மருத்துவர் எழுதிய மாத்திரைகளையும் இன்ஹேலரையும் அவருடைய ஆலோசனையின்றி நிறுத்தக் கூடாது.