நெல்லின் குலமரபு

மணிமேகலைக் காப்பியத்தில் அமுதசுரபி ஒருவர் கையிலேயே தங்கவில்லை. மதுரையில் ஆபுத்திரன் பெற்ற அப்பாத்திரம், மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையில் கிடந்து, பின்னர் மணிமேகலையை அடைந்து, புகார் நகரத்து ஏழையர் பசியைத் தீர்த்தது. ஆபுத்திரனோ சாவக நாட்டில் மறுபிறப்பு எய்தினான். பசி தீர்க்கும் அறத்திற்குக் கடல் எல்லையாகாது என்பது சாத்தனார் காட்டும் உண்மை. இருபதாம் நூற்றாண்டில் அவ்வுண்மை ஒரு நெல்வித்தின் வரலாறாகவே நிகழ்ந்தது.

பிலிப்பைன்ஸ் நாட்டின் லாஸ் பாஞோஸ் நகரில் 1960இல் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் தோன்றியது. ஃபோர்டு, ராக்ஃபெல்லர் என்னும் அமெரிக்க அறநிறுவனங்கள் பொருள் நல்கின. அங்கு 1962இல் இந்தோனேசியாவின் ‘பேட்டா’ நெல்லையும் தைவானின் குட்டை நெல் ஒன்றையும் இணைத்தனர். அவ்விணைப்பில் பிறந்து 1966 நவம்பரில் வெளிவந்ததே ஐ.ஆர். 8. பேட்டாவின் பெற்றோருள் ஒன்று சீனத்து நெல். மற்றொன்று வங்கத்து ‘லத்திசைல்’. உரமிட்டால் நெடிது வளர்ந்து சாய்ந்துவிடும் பழைய வகைகளுக்கு மாறாக, இந்நெல் குட்டையாய் நின்று கதிர்ப்பாரம் தாங்கிற்று.

1969இல் வந்த ஐ.ஆர். 20இன் பெற்றோருள் ஒன்று நம் திரூர் ஆராய்ச்சி நிலையத்து டி.கே.எம். 6. தமிழக வயல்களில் பரவலாக விளைந்த அந்நெல்லை அயலார் கொடையென்றே நம்மிற் பலர் எண்ணியிருந்தோம். உண்மையில் அது தாய்வீடு மீண்ட மகள். பின்னர் ஒருவகைக் குட்டைநோய் பரவியபோது 6,000க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தனர். எதிர்ப்பாற்றலை அளித்தது உத்தரப் பிரதேசத்துக் காட்டுநெல் ஒன்று. அதன் வழிவந்த ஐ.ஆர். 36, 1976இல் வெளியாயிற்று.

இவ்வரலாற்றின் மறுபக்கத்தை மறைத்தலாகாது. ஐ.ஆர். 8 மிகுந்த நீரும் உரமும் வேண்டிற்று. நோய்க்கும் பூச்சிக்கும் எளிதில் இரையாயிற்று. பாசனமும் முதலும் உடையோர் முந்திப் பயன்பெற்றனர். மானாவாரி உழவர் பின்தங்கினர். நாட்டு நெல்வகைகள் பல வயலைவிட்டு நீங்கின. விளைச்சல் பெருகினால் மட்டும் வறியவர் கலத்தில் சோறு விழுந்துவிடாது. நியாயமான கூலியும் நேரிய பங்கீடும் உடன்வர வேண்டும்.

பயிர் வித்துகளையும் அவற்றால் வரும் பயனையும் நாடுகள் பகிர்ந்துகொள்வதற்கான பன்னாட்டு உடன்படிக்கை 2004இல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும், வளர்ச்சி உதவி என்பது செல்வ நாடுகள் இரங்கியிடும் பிச்சை என்னும் எண்ணம் மறையவில்லை. 2025இல் அமெரிக்கா தன் பன்னாட்டு வளர்ச்சி முகமையையே மூடியது. பிச்சையென்று கருதப்படுவது, இடுபவர் மனம் மாறிய நாளில் நின்றுவிடும். நெல்லின் குலமரபோ வேறொரு கணக்கைக் காட்டுகிறது. வறிய நாடுகள் வெறுங்கையோடு வரவில்லை. தலைமுறை தலைமுறையாக உழவர் காத்த வித்தைக் கொண்டுவந்தன. பொருளும் அறிவும் வித்தும் ஒன்றுகூடியபோதுதான் பசி தணிந்தது. அனைவரும் இட்டு விளைந்ததைக் காப்பதும் அனைவர் கடனே.

அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியும் தானாகச் சுரக்கவில்லை. முதற்கண் ஆதிரை அதில் அன்னம் இட வேண்டியிருந்தது.