வி-டைகரும் பல தரவுத்தளங்களும்: ஒரு வரியில் முடியாத மாற்றம்

 சென்னை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஜாப் ஒர்க் எடுக்கும் சிறு லேத் பட்டறைக்குக்கூட ஒவ்வொரு வாடிக்கை நிறுவனத்திலும் மூன்று பேரின் தயவு வேண்டும்: ஆர்டர் போடும் பர்ச்சேஸ் மேனேஜர், சரக்கைச் சோதிக்கும் குவாலிட்டி பொறுப்பாளர், பில் பாஸ் செய்யும் அக்கவுண்ட்ஸ்காரர். இவர்களின் பெயரும் எண்ணும் இருக்கும் பட்டியல் பட்டறையின் மூலதனங்களில் ஒன்று. அதைக் காக்கும் மென்பொருள், நாளை தரவுத்தளம் மாறினாலும் பிழையின்றி ஓட வேண்டும். கான்ஃபிக் கோப்பில் ஒரு வரியைத் திருத்தினால் அது நடந்துவிடும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. உண்மையில் அதைத் தீர்மானிப்பது வினவல்கள் எழுதப்பட்ட விதம்தான் என்பது இக்கட்டுரையின் வாதம். சான்று சென்னையிலேயே இருக்கிறது.

பின்னாளில் ஸோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்ட அட்வென்ட்நெட் நிறுவனத்தின் ஆதரவில், 2004-இல் சென்னையில் பிறந்தது வி-டைகர் என்ற வாடிக்கையாளர் தொடர்பு மேலாண்மை மென்பொருள். சுகர்-சிஆர்எம் என்ற திறமூல மென்பொருளிலிருந்து கிளைத்தது. தரவுத்தளத்தோடு நேரே பேசாமல், மலேசியாவின் ஜான் லிம் உருவாக்கிய ஏடிஓடிபி என்ற இடைநிலை நூலகத்தின் வழியாகப் பேசும்படி அதை அமைத்தார்கள். கான்ஃபிக் கோப்பில் தரவுத்தள வகைக்கென்று தனி வரி உண்டு. அங்கே மையெஸ்கியூஎல் என்றோ போஸ்ட்கிரெஸ் என்றோ குறிப்பிட வழி செய்திருந்தார்கள்.

அடித்தளத்தில் அவர்கள் செய்த வேலை பாராட்டத்தக்கது. அட்டவணைகளின் வடிவம் முழுவதும் எக்ஸ்எம்எல் கோப்பில் பொதுமொழியில் எழுதப்பட்டது. வாடிக்கையாளர், நிறுவனம், விசாரணை எதுவானாலும் ஒரே வரிசையில் எண் பெறும். போஸ்ட்கிரெஸ் இதற்கான சீக்வென்ஸ் வசதியைத் தானே வைத்திருக்கிறது; மையெஸ்கியூஎல்லில் அது இல்லாததால், கடைசி எண்ணை மட்டும் வைத்திருக்கும் ஒரு சின்ன அட்டவணையை ஏடிஓடிபி உருவாக்கிக்கொள்கிறது. மேலே எழுதும் நிரலாளருக்கு இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. இடைநிலை நூலகம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

சிக்கல் வினவல்களில் வந்தது. ஒவ்வொரு பகுதியிலும் அவை மையெஸ்கியூஎல்லின் பழக்கத்தை நம்பிக் கையால் எழுதப்பட்டிருந்தன. நிறுவனவாரியாகத் தொகுத்து, பக்கத்தில் தொடர்பாளர் பெயரையும் கேட்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனத்தில் மூன்று பேர் இருந்தால் எந்தப் பெயர் வரும்? அன்றைய மையெஸ்கியூஎல் மூவரில் யாரோ ஒருவரை எடுத்துத் தந்துவிடும். போஸ்ட்கிரெஸ் வினவலையே ஏற்க மறுக்கும். மறுப்பதுதான் சரி. பர்ச்சேஸ் மேனேஜருக்குப் போக வேண்டிய விலைப்புள்ளி அக்கவுண்ட்ஸுக்குப் போனால் ஆர்டர் கைநழுவும்.

வி-டைகர் இதற்கு ஒட்டுப்போட்டது. போஸ்ட்கிரெஸ்ஸுக்கென்று தனியாக ஒரு நிரல்துண்டு, ஓடும் நேரத்தில் வினவலின் வரிகளை வெட்டி, தொகுப்புப் பகுதியில் விடுபட்ட நெடுவரிசைகளைச் சேர்த்து அனுப்பும். பிழைச்செய்தி நின்றது, ஆனால் எல்லா நெடுவரிசைகளும் தொகுப்பில் சேர்ந்தபின் ஒரே நிறுவனம் மூன்று வரிகளாகப் பிரிந்து வரும். ஒரே கேள்விக்கு இரு தளங்களில் இரு விடை. இன்று வி-டைகரின் நிறுவல் தேவைகளில் மையெஸ்கியூஎல்லும் அதிலிருந்து கிளைத்த மரியாடிபியும்தான் இடம்பெறுகின்றன.

தமிழ்ப் பெயர்கள் இதே கதையை வேறு பக்கத்திலிருந்து காட்டுகின்றன. வி-டைகரில் முதற்பெயருக்கு 40 எழுத்துகள். ‘முத்துக்குமாரசாமி’ கண்ணுக்கு ஒன்பது எழுத்து; யூனிகோடில் 17 குறிகள்; யூடிஎஃப்-8 முறையில் 51 பைட்டுகள். மையெஸ்கியூஎல்லும் போஸ்ட்கிரெஸ்ஸும் குறிகளை எண்ணுவதால் பெயர் தாராளமாக அடங்கும். ஏடிஓடிபி ஆதரிக்கும் ஆரக்கிள் தரவுத்தளமோ, மாற்றிச் சொல்லாவிட்டால், பைட்டுகளை எண்ணும். அதே 40-இல் முத்துக்குமாரசாமிக்கு இடமில்லை. கடைசிப் பெயரைக் கட்டாயமாக்கும் படிவத்தில் நம்மவர்கள் சொந்தப் பெயரை அங்கே இட்டு, முதற்பெயரை வெறுமையாக விடுவதும் உண்டு. ஆரக்கிள் அந்த வெற்றுச் சரத்தை மதிப்பே இல்லாததாகக் கருதும். வெற்றுச் சரத்துக்குச் சமமானதைத் தேடினால் ஒருவரும் அகப்பட மாட்டார்கள். ஆங்கிலத்தில் ஆவடி என்ற ஊர்ப்பெயரைப் பெரிய எழுத்தில் ஒருவரும் சிறிய எழுத்தில் மற்றவரும் பதிந்திருந்தால், மையெஸ்கியூஎல் வழக்கமான அமைப்பில் ஆவடிக்காரர்கள் அனைவரையும் காட்டும். போஸ்ட்கிரெஸ்ஸின் சாதாரண லைக் தேடல் பாதிப் பேரை விட்டுவிடும்.

ஒரே தரவுத்தளத்தோடு இருந்துவிட்டால் இந்தத் தொல்லைகள் வேண்டாமே என்று கேட்கலாம். சிறு நிறுவனத்துக்கு அது நியாயமான ஆசை. ஆனால் 2015 அக்டோபரில் வந்த மையெஸ்கியூஎல் 5.7, பொருள் தெளிவற்ற தொகுப்பு வினவல்களை இயல்பாகவே மறுக்கத் தொடங்கியது. போஸ்ட்கிரெஸ் அன்று சுட்டிய குறையை இப்போது சொந்தத் தளமே சுட்டியது. இடம் பெயராதவர்களுக்கும் தரை மாறிவிட்டது. வினவலைத் திருத்தாமல் சர்வரின் கண்டிப்பான நிலையை அணைத்துவிடும் பழக்கம் பரவியது. அதே சர்வரில் சம்பளக் கணக்கும் சரக்கிருப்பும் ஓடும் ஒரு பட்டறையில், சர்வர் முழுமைக்கும் அணைக்கப்பட்ட அந்தக் காவல் அந்த மென்பொருள்களுக்கும் சேர்த்தே போய்விடுகிறது.