கிரகணத்தின் செலவு: வா கோ, 1868

1868 ஆகஸ்டு 18ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை அறிவியல் உலகம் மறப்பதில்லை. குண்டூரில் அதனை நோக்கிய ஜான்சனின் நிறமாலை ஆய்வு, பின்னர் ஹீலியம் அறியப்படுவதற்கு வழிகோலியது. அதே நிழல் கிழக்கே நகர்ந்து சியாம் நாட்டு வா கோ கடற்கரையைத் தொட்டது. அந்தக் கடற்கரையில் கிரகணத்திற்காகச் செலவிட்டவர் யார், பயனடைந்தவர் யார் என்பதே நாம் காண விழையும் வினா.

பாங்காக்கிற்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தெற்கே இருந்த வா கோ, காடடர்ந்த பகுதி. கிரகணம் தெரியும் இடத்தையும் நேரத்தையும் தாமே கணித்த மன்னர் மோங்குட், அங்கே காட்டைத் திருத்தி, மூங்கிலாலும் ஓலையாலும் தற்காலிக அரண்மனையும் விருந்தினர் குடில்களும் எழுப்பச் செய்தார். ஸ்தெஃபான் தலைமையில் பிரெஞ்சு வானியலார் வந்தனர். நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர் ஹாரி ஆர்ட், சிங்கப்பூரிலிருந்து துணைவியாருடன் கப்பலேறி வந்தார். மனிதர் அதிகம் இல்லாத கரையில் சில நாள்களுக்கு ஒரு நகரமே முளைத்தது.

இதனை அரச ஆடம்பரம் என ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. 1855ஆம் ஆண்டின் பௌரிங் உடன்படிக்கை சியாமின் இறக்குமதி வரியை நூற்றுக்கு மூன்றாகக் கட்டிப்போட்டிருந்தது. 1863இல் கம்போடியா பிரெஞ்சுப் பாதுகாப்பின்கீழ்ச் சென்றது. சூரியனை ராகு விழுங்குவதாக நம்பிய மக்களின் அரசர் (நமக்கும் அக்கதை அயலன்று), ஐரோப்பியர்முன் தம் கணக்கை மெய்ப்பிப்பது நாட்டைக் காக்கும் முதலீடாகவே இருந்தது.

ஆயினும் முதலீட்டின் சுமை எங்கே இறங்கியது? அக்காலச் சியாமில் குடிமக்கள் ஆண்டுக்கு மூன்று மாதம் அரசுக்குக் கட்டாய உழைப்புத் தரக் கடமைப்பட்டவர்கள். அத்தகைய அமைப்பில் அரசப் பணி பெருகினால் ஊராரின் கூலி பெருகும் என எதிர்பார்ப்பதற்கில்லை. உழவுக்குரிய நாள்களே குறையும். இன்று கிரகணம் காணவரும் பயணிகளால் விடுதிகளும் உணவுக்கடைகளும் பெறும் வருவாயோடு இதனை ஒப்பிடுவது பொருந்தாது.

அன்று காலை வானம் மூடியிருந்தது. உரிய நேரத்தில் மேகம் விலகியது. ஏறத்தாழ ஆறே முக்கால் நிமிடம் இருள் நிலவியது. மன்னரின் கணக்கு வென்றது. காய்ச்சலோடு தலைநகர் திரும்பிய அவர், அக்டோபர் முதல் நாள் மறைந்தார். உடன்சென்று நோயுற்றுப் பிழைத்த பதினைந்து வயது மைந்தர் சூலாலங்கோர்ன் அரியணை ஏறினார். கட்டாய உழைப்பைப் படிப்படியாக ஒழித்தவர் அவரே.

ஆகஸ்டு 18 இன்று தாய்லாந்தின் தேசிய அறிவியல் நாள். வா கோவில் மோங்குட் பெயரால் அறிவியல் பூங்காவும் மீன் காட்சியகமும் உள்ளன.