நிலைக்கால் ஏன் அடியில் மட்டும் இத்துப்போகிறது?

ஆரப்பாளையம் மாதிரி மதுரையின் பழைய பகுதிகளில் ஓட்டு வீட்டைச் சரிசெய்ய ஆரம்பித்தால், முதலில் சிக்கல் தருவது வாசல் நிலைதான். மேலே தட்டிப் பார்த்தால் கணீர்னு சத்தம் வரும். கீழே அரை அடி, முக்கால் அடிக்கு மட்டும் விரலால் அழுத்தினாலே உதிரும். "இத்துப்போச்சுண்ணே, பேத்துட்டுப் புதுசா வச்சிரலாம்" என்பார்கள். பேர்க்கிறதுக்கு முன்னாடி அந்த மரம் வந்த வழியைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

சாதாரண வீடுகளில் நிலைக்கு வேம்பு, வேங்கை என்று கிடைத்ததைப் போட்டார்கள். வசதியானவர்கள் தேடியது பர்மா தேக்கு. 1852ல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1885ல் மன்னர் திபாவின் அரசு, வரி கட்டாமல் தேக்கை வெட்டியதாகச் சொல்லி பம்பாய் பர்மா வர்த்தக நிறுவனத்துக்குப் பெரிய அபராதம் போட்டது. அதையே சாக்காக வைத்துப் போர் தொடுத்து மிச்ச நாட்டையும் பிடித்துக்கொண்டார்கள். ஆக, நம்மூர் வாசல் நிலைக்குப் பின்னால் ஒரு போரே இருக்கிறது. இந்தப் பக்கம் 1875ல் மதுரைக்கு ரயில் வந்து, அடுத்த வருஷம் தூத்துக்குடி வரை போனது. துறைமுகத்தில் இறங்கும் மரம் ஊருக்குள் வருவது சுலபமாயிற்று.

அந்த மரத்தை வெட்டிய விதமும் வேறு. நிற்கிற மரத்தின் அடியைச் சுற்றி வளையமாகச் செதுக்கி விட்டுவிடுவார்கள். இரண்டு மூன்று வருஷம் அது நின்றபடியே காயும். பச்சைத் தேக்கு மிதக்காது. காய்ந்தால்தான் ஐராவதியில் மிதக்கவிட்டு ரங்கூன் சேர்க்க முடியும். அப்படி வந்ததெல்லாம் வயசான, வைரம் பாய்ந்த மரம். கரையான் அவ்வளவு லேசில் தொடாது. 1942ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அந்த வரத்து அறுந்தது. பிறகு ஓரளவு வந்தாலும், 2014ல் மியான்மர் முழு மரமாக ஏற்றுமதி செய்வதையே நிறுத்திவிட்டது. இன்றைக்குக் கடையில் கிடைக்கிற இளம் தோட்டத் தேக்கில் வெள்ளைப் பகுதி அதிகம். பூஞ்சைக்கும் பூச்சிக்கும் அதுதான் பிடித்த தீனி.

சரி, இவ்வளவு நல்ல மரம் அடியில் மட்டும் ஏன் போகுது? மரத்தில் ஈரம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தங்கினால்தான் பூஞ்சை வளரும். பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரத்தைக் குடிக்கும், வெளியேயும் விடும். பிற்பாடு சிமெண்ட் மலிவாகக் கிடைத்ததும் நிலையின் காலைச் சுற்றி அதைப் போட்டு இறுக்கிவிட்டோம். உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. இன்னொன்று தெரு. பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, இரண்டு படி ஏறிப் போன வீடு இன்றைக்குக் குனிந்து இறங்குகிற வீடாகிவிட்டது. மழைத்தண்ணி நேரே நிலைக்காலுக்கு வருகிறது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புது ரோடு போட வேண்டும் என்று 2021ல் அன்றைய தலைமைச் செயலர் இறையன்பு சுற்றறிக்கை அனுப்பியதும் இதே பிரச்சினைக்காகத்தான்.

அதனால் வைத்தியத்தைத் தண்ணீரிலிருந்து ஆரம்பிக்கணும். முதலில் ஈரம் வருகிற வழியை அடைத்து, நிலையைக் காயவிட வேண்டும். ஸ்குரூடிரைவரால் குத்திப் பார்த்து, கெட்டியான மரம் தொடங்கும் இடத்துக்கு இரண்டு அங்குலம் மேலே வரை அழுகலை வெட்டி எடுக்கணும். பழைய காலிலும் புதுத் துண்டிலும் பாதிப் பாதி கனத்தை இறக்கி, ஒன்றின்மேல் ஒன்று படிகிற மாதிரி ஒட்டுப் போடுவார் ஆசாரி. ஒட்டின் நீளம் காலின் அகலத்தைப் போல இரண்டு மடங்காவது இருந்தால் நல்லது. வெளிப்பக்க வெட்டு கீழ்நோக்கிச் சரிந்திருந்தால் தண்ணீர் வழிந்துவிடும். புதுத் துண்டு பழைய மரக்கடையில் வாங்கிய அதே ஜாதி மரமாக இருக்கட்டும். அடிமுனைக்கு எண்ணெய் நன்றாக ஊட்டி, கருங்கல் துண்டின் மேல் நிறுத்துங்கள், சிமெண்டில் புதைக்காதீர்கள். ஜன்னல் சட்டத்தின் கீழ்க்கட்டைக்கும் இதே வழிதான். அழுகல்மேல் மக்கு அடைத்து பெயிண்ட் அடித்தால் வெளியே பளபளப்பு, உள்ளே ஈரம்.

ஏழடி நிலையில் கெட்டது முக்கால் அடி. அதற்காக மிச்ச ஆறேகால் அடியையும் பேர்த்துப் பழைய மரக்காரருக்கு எடைபோட்டுக் கொடுத்தால், அதை அவர் வேறொரு வீட்டுக்கு நல்ல விலைக்கு விற்பார். அதன் மதிப்பு அவருக்குத் தெரியும். நமக்கும் தெரிஞ்சிருக்கணும் இல்லையா?