கூண்டின் தரை

கோலசிலாங்கூர்த் தோட்டத்து லயங்களில் பாட்டிமார் சொல்வார்கள்: "பச்சரிசிச் சோறு வயித்துல நிக்காதுய்யா." அந்தப் புழுங்கலரிசிப் பிடிவாதம்தான் மலாயாத் தமிழர்களை பெரிபெரியிலிருந்து காத்தது. தீட்டிய வெள்ளையரிசி தின்ற சீனத் தொழிலாளர்கள் கால் வீங்கிச் செத்தார்கள். தமிழர்களுக்கு நோய் அரிது. இந்த வேறுபாட்டை வைத்து டாக்டர் பிராடன் 1907இல் புத்தகமே எழுதினார்.

கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பிரேசரும் ஸ்டாண்டனும் அதைச் சோதித்து 1909இல் வெளியிட்டார்கள். சோதனைக்கு ஆளானவர்கள் நெகிரி செம்பிலான் காட்டில் சாலை போட்ட ஜாவாக்காரர்கள். பாதிப்பேருக்கு வெள்ளையரிசி. கூண்டெலிக்கு முன்னால் கூலிக்காரன்!

எலிகள் வந்தபின் புதுத் தலைவலி. தீனியில் பி வைட்டமினை நீக்கினாலும் சில எலிகளுக்கு நோவு வராது. குடல் நுண்ணுயிர்கள் செய்த சத்து புழுக்கையில் இருக்கும்; எலி அதைத் தின்றுவிடும். கீழே பரப்பிய மரத்தூளையும் கொறிக்கும். அதனால்தான் கம்பிவலைத் தரை வந்தது. அதுவும் முழுக்கத் தடுக்கவில்லை.

1967இல் வெசல் இன்னொன்று கண்டார். சிடார் மரச்சீவலில் படுத்த எலிகளின் கல்லீரல் நொதிகள் கூடின. தூக்கமருந்து கொடுத்தால் சீக்கிரமே விழித்தன. படுக்கையின் வாசனையே மருந்தின் கணக்கைக் கெடுத்துவிட்டது. இப்போது பரவலாகப் போடும் மக்காச்சோளச் சக்கையை எலி தின்றால், எடை, சர்க்கரை ஆய்வுகளில் அது எழுதாத தீனி. ஆனாலும் எத்தனையோ கட்டுரைகளில் தீனியின் பெயர் இருக்கும், படுக்கையின் பெயர் இருக்காது. 'சோறு போட்டோம்' என்று எழுதிவிட்டு, புழுங்கலா பச்சையா என்று சொல்லாமல் விடுகிற மாதிரிதான்.