கணக்கு முந்தியது, படிகம் பிந்தியது: அகச்சிவப்புக் குவாண்டம் கிணறுகளின் வரலாறு

2013 பிப்ரவரியில் ஏவப்பட்ட லேண்ட்சாட் 8 செயற்கைக்கோள் 16 நாளுக்கு ஒருமுறை கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்தை 705 கி.மீ. உயரத்திலிருந்து படம்பிடிக்கிறது. மலைக்காட்டுக்கும் அடிவாரத்து மானாவாரி நிலத்துக்கும் உள்ள வெப்ப வேறுபாடு அதில் பதிவாகிறது. நிலம் உமிழும் கதிரில் 10.6 முதல் 12.5 மைக்ரான் வரையிலான அலைநீளத்தை உணர்பவை, காலியம் ஆர்சினைடில் அமைத்த குவாண்டம் கிணறுகள், அதாவது எலக்ட்ரானை அடைத்துவைக்கும் மெல்லிய அடுக்குகள். ஆனால் காலியம் ஆர்சினைடின் ஆற்றல் இடைவெளி 1.42 எலக்ட்ரான் வோல்ட். 10 மைக்ரான் ஒளித்துகளிடம் இருப்பதோ வெறும் 0.124. தனிப் படிகம் அந்தக் கதிரைக் கண்டுகொள்ளாது. கண்டுகொள்ள வைத்தது கணக்கு. இத்துறையில் சமன்பாடு முன்னே சென்றது, படிகம் பின்னே வந்தது என்பதே என் வாதம்.

1970இல் லியோ எசாகியும் ரஃபேல் சூவும் இரு குறைக்கடத்திகளை மாற்றி மாற்றி மெல்லிய அடுக்குகளாக வளர்த்தால் எலக்ட்ரானின் ஆற்றல் நிலைகளை நாமே வகுக்கலாம் என்று காட்டினர். மறு ஆண்டே சோவியத் ஒன்றியத்தில் கசாரினோவும் சூரிசும், அத்தகைய அடுக்குகளில் எலக்ட்ரான் நிலைவிட்டு நிலை இறங்கும்போது ஒளியைப் பெருக்கலாம் என்று எழுதினர். அந்தக் கருத்து லேசராக ஒளிர்ந்தது 1994இல், பெல் ஆய்வகத்தில், ஃபைஸ்ட், கபாசோ குழுவினரின் கையில், அலைநீளம் 4.2 மைக்ரான். நடுவே 23 ஆண்டுகள்.

உணர்கருவியின் கதையில் 1985ஆம் ஆண்டு முக்கியமானது. வெஸ்டும் எக்லாஷும் 8.2 நானோமீட்டர் கிணற்றில் 0.121 எலக்ட்ரான் வோல்ட்டிலும், 6.5 நானோமீட்டர் கிணற்றில் 0.152இலும் கதிர் உறிஞ்சப்படுவதை அளந்தனர். கிணறு குறுகினால் ஆற்றல் கூடுகிறது. பாடநூல் சொல்வதும் அதுதான். ஆனால் பாடநூலின் முடிவிலா உயரச் சுவரை நம்பி, எலக்ட்ரானின் பயனுறு நிறையைக் கட்டற்ற எலக்ட்ரான் நிறையின் 0.067 மடங்கு என வைத்து முதல் கிணற்றுக்குக் கணக்கிட்டால் விடை ஏறத்தாழ 0.25 வரும். அளந்ததைப் போல் இரு மடங்கு! சுவரின் உயரம் வரம்புக்குட்பட்டது. எலக்ட்ரானின் அலை சுவருக்குள்ளும் கசிகிறது. ஆற்றல் ஏற ஏறப் பயனுறு நிறையும் மாறுகிறது. கேன் 1957இல் வகுத்த பட்டைக் கோட்பாடும், பாஸ்டார்ட் 1980களின் தொடக்கத்தில் அடுக்குக் கட்டமைப்புகளுக்கு வளர்த்தெடுத்த உறைச்சார்பு முறையும் இந்த இடைவெளியை அடைத்தன. மாதிரியாக்கம் அலங்காரமல்ல, தேவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

1987இல் லெவீன் குழுவினர் கிணற்றின் இந்த உறிஞ்சலைக் கொண்டு உணர்கருவி அமைத்தனர். அப்போதும் ஒரு முட்டுக்கட்டை: நேராக மேலிருந்து விழும் ஒளியை இக்கிணறு ஏற்பதில்லை. ஒளியின் மின்புலத்தில் ஒரு கூறேனும் அடுக்குகளுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். அதனால் படிகத்தின் விளிம்பை 45 பாகைச் சரிவாகத் தேய்த்து அவ்வழியே ஒளியைச் செலுத்தினர்; பிறகு ஒளியைச் சாய்த்துத் திருப்பும் கீற்றணிகள் வந்தன. இலங்கையில் பிறந்த சரத் குணபாலா பெல் ஆய்வகத்தில் இவ்வகை உணர்கருவிகளை ஆராய்ந்து, 1992இல் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்துக்குச் சென்று அங்கும் அப்பணியைத் தொடர்ந்தார்.

தமிழ்நாட்டில் இத்துறை வேரூன்றியதும் கணக்கின் வழியேதான். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் கே. நவநீதகிருஷ்ணனும், மேலூர் அரசு கலைக் கல்லூரியில் ஏ. ஜான் பீட்டரும் குவாண்டம் கிணறு, குவாண்டம் புள்ளி ஆகியவற்றில் அடைபட்ட எலக்ட்ரானின் பிணைப்பாற்றலை மாறுபாட்டு முறையில் கணக்கிட்டுக் கட்டுரைகள் வெளியிட்டனர். அணு அடுக்குகளை வளர்க்க மூலக்கூற்றுக் கற்றைக் கருவியும் மீவெற்றிட அறையும் வேண்டும். இத்தகைய கணக்குக்கு ஒரு கணினி போதும். ஓர் அரசுக் கல்லூரி உலக ஆய்விதழ்களில் இடம்பெற்றதை நான் பெருமையாகவே கருதுகிறேன்.

ஆனால் ஓர் எலக்ட்ரானின் ஆற்றல் நிலை உணர்கருவியின் தரத்தை முழுதும் சொல்லிவிடாது. ஒளியே படாதபோதும் வெப்பத்தால் ஓடும் இருள் மின்னோட்டமே அதன் எல்லையை வகுக்கிறது. லேண்ட்சாட் 8 தன் வெப்ப உணர்கருவியை 43 கெல்வினுக்கும் கீழே குளிர்விப்பது அதனால்தான். அந்த மின்னோட்டத்தைக் கணிக்கப் பல எலக்ட்ரான்கள் மோதிச் சிதறும் போக்கையும் மாதிரியில் சேர்த்தாக வேண்டும். நம் கல்லூரிகளின் கணக்கு அடுத்து எட்ட வேண்டியது அதைத்தான்.