அஸ்தர்லாப் செய்த மகளும் ஹெராத் மாணவியரும்

இப்னு நதீம் ஹிஜ்ரி 377இல் (கி.பி. 987) தொகுத்த 'அல்ஃபிஹ்ரிஸ்த்' நூலில் அஸ்தர்லாப் செய்த கைவினைஞர்களின் பட்டியல் ஒன்று உண்டு. சூரியன், விண்மீன்களின் உயரத்தை அளந்து நேரம் அறிய உதவிய கருவி அது. அப்பட்டியலில் இஜ்லீ என்பாரின் மகள் இஜ்லிய்யாவையும் காண்கிறோம். பித்தூலுஸிடம் பயின்றவர், ஹலபின் ஆட்சியாளர் ஸைஃபுத் தவ்லாவிடம் இருந்தவர். அதற்கு மேல் செய்தி இல்லை. 'மர்யம்' என்ற பெயரும் பிற்கால வழக்கே. எனினும், ஆசானிடமிருந்து கையால் செய்து கற்கும் வாய்ப்பு ஒரு பெண்ணுக்குக் கிட்டியிருந்தது என்பதற்கு அவ்வரி சான்றாகிறது.

செய்து கற்கும் இம்மரபு பொறியியலிலும் தழைத்தது. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதின் பனூ மூஸா சகோதரர்கள் 'கிதாபுல் ஹியல்' எழுதினர். ஹிஜ்ரி 602இல் (கி.பி. 1206) ஜஸரீ, யானைக் கடிகாரம் முதலிய தானியங்கு பொறிகளின் செய்முறையை அளவுகளோடும் படங்களோடும் எழுதி முடித்தார். இன்றைய ரோபோக்களின் முன்னோடிகளுள் அவையும் அடங்கும்.

அந்த ரோபோவைத் தம் கையால் செய்ய முனைந்தவர்களே ஆப்கானிஸ்தானின் ஹெராத் மாணவியர். 15ஆம் நூற்றாண்டில் தைமூரிய அரசி கவ்ஹர் ஷாத் மத்ரஸா எழுப்பிய நகரம் அது. 2017ஆம் ஆண்டு வாஷிங்டனில் நடைபெற்ற உலக ரோபோ போட்டிக்கு, ரோயா மஹ்பூப் என்னும் ஆப்கானியத் தொழில்முனைவோரின் முயற்சியால் ஆறு மாணவியர் ஆயத்தமாயினர். உதிரிபாகங்கள் வந்துசேரத் தாமதமாயிற்று. இருமுறை காபூல் சென்றும் விசா மறுக்கப்பட்டது. இறுதி நேரத்தில்தான் அனுமதி கிட்டியது. தூய நீரையும் மாசுற்ற நீரையும் குறிக்கும் பந்துகளை வகைபிரிக்கும் பொறியை இயக்கிய அவர்கள், துணிவுக்கான வெள்ளிப் பதக்கம் பெற்றனர்.

2020இல் கொரோனா பரவியபோது, டொயோட்டா கொரோலா காரின் உதிரிபாகங்களைக் கொண்டு மலிவு விலைச் செயற்கைச் சுவாசக் கருவி அமைக்க ஹெராத் குழுவினர் முனைந்தனர். போட்டிக்காகக் கற்ற கைத்திறன் நோயாளியின் உயிர்காக்கத் திரும்பியதை இங்கு நாம் கருதவேண்டும்.

2021 ஆகஸ்டில் ஆட்சி மாறியது. குழுவினருள் சிலர் கத்தார் சென்றடைந்தனர். தாய்நாட்டில் பெண்களுக்கு இடைநிலைப் பள்ளிகளும், 2022 டிசம்பரில் பல்கலைக்கழகங்களும் அடைக்கப்பட்டன.

பெண்மக்களுக்கு அறிவியலில் நாட்டம் குறைவு என்பாரிடம் இவ்விரு வரலாறுகளையும் வைப்போம். ஹலபிலும் ஹெராத்திலும் ஆசானும் கருவியும் கிட்டியபோது நாட்டம் தானே வெளிப்பட்டது. கிட்டாத இடங்களில் எத்தனை இஜ்லிய்யாக்கள் ஒரு வரியும் இன்றி மறைந்தனரோ! நம் பெண்மக்களின் கையில் பாடநூலோடு கருவியையும் தருவது நம் பொறுப்பு.